சோழர் காலத்துல கிடார் எங்க சார் வந்துச்சு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பொன்னியின் செல்வன் பாட்டுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது 'அக நக'தான், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்னு போற போக்குல ரெண்டு வரி எழுதினேன். அவ்வளவுதான், வாட்ஸ்அப்லயும் தபால்லயும் மாத்தி மாத்தி வாங்கிக் கட்டிக்கிட்டேன். சரி, வந்த கேள்வி எல்லாமே ராஜா படப் பாட்டு, அதாவது ராஜா ராணி கதைப் படங்களோட பாட்டு பத்தித்தானே, இந்தத் தடவை மொத்தப் பக்கத்தையும் அதுக்கே குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். விவசாயம், வீட்டுக்கடன் பத்தி கேட்டவங்க ஒரு இதழ் பொறுத்துக்கோங்க.

சோழர் காலத்துக் கதைல கிடார், வயலின், கீபோர்டுன்னு எல்லாம் கேக்குது. இது நியாயமா? உண்மையான சோழர் இசை எப்படி இருந்திருக்கும்னு யாராவது யோசிச்சாங்களா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

ஐயா, உங்க கோவம் புரியுது. ஆனா சோழர் இசையை யாரும் டேப்ல புடிச்சு வைக்கலையே. நம்ம கையில இருக்கறது கல்வெட்டு. தஞ்சாவூர் பெரிய கோயில் சுவத்துல ராஜராஜன் வெட்டி வச்ச ஒரு கல்வெட்டு இருக்கு, எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு சினிமா ரெக்கார்டிங் தியேட்டர் சம்பளப் பட்டியல் மாதிரியே இருக்கும். தேவாரம் பாட 48 பேரு, அவங்களுக்கு பிடாரர்னு பேரு, கூட உடுக்கை வாசிக்க ஒருத்தரு, கொட்டிமத்தளம் வாசிக்க ஒருத்தரு, ஆக மொத்தம் 50 பேரு. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு குறுணி நெல்லு சம்பளம். ஒரு குறுணின்னா எட்டு நாழி, அப்ப 24 நாழி நெல்லு, மோசமில்லை. இதுல ஒரு அழகு என்னன்னா, பாடறவரு யாராவது செத்துப் போனாலோ ஊரை விட்டுப் போனாலோ அவரோட அடுத்த வாரிசு அந்த வேலைக்கு வரலாம், ஆனா அந்த வாரிசுக்கு பாடற தகுதி இல்லைன்னா தகுதி இருக்கற வேற ஆளைப் போட்டு பாட வைக்கணும்னு அதுலயே எழுதியிருக்கு. அப்பா பெரிய பாடகர்ங்கறதுக்காக மகனுக்கு மைக் குடுக்கற வழக்கத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஒரு கண்டிஷன் போட்டு வச்சிருக்காங்க. ஆடறதுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகள் தனி. வீணை வாசிக்கறவங்க, சங்கு ஊதறவங்க எல்லாம் இன்னொரு பட்டியல்ல வர்றாங்க.

அப்ப சோழர் சத்தம்னா என்ன? நிறைய குரல், கொஞ்சம் தோல் வாத்தியம், குழல், வீணை, சங்கு. 48 பேரு ஒண்ணா பாடி பின்னாடி ஒரே ஒரு உடுக்கை அடிச்சா எப்படி இருக்கும்னு கண்ண மூடி யோசிச்சுப் பாருங்க, மயிர்க்கூச்செறியும். இதை இதுவரைக்கும் எந்தப் படத்துலயும் அப்படியே பண்ணி நான் கேக்கல. அது எனக்கும் குறைதான்.

ஆனா ஒரு கேள்வியை நான் திருப்பிக் கேக்கறேன், கோச்சுக்காதீங்க. 1973ல ராஜராஜ சோழன்னு சிவாஜி நடிச்சு ஏ.பி. நாகராஜன் டைரக்ட் பண்ணி ஒரு படம் வந்துச்சே, தமிழ்ல முதல் சினிமாஸ்கோப் படம், அதுக்கு மியூசிக் யாரு? குன்னக்குடி வைத்தியநாதன். வயலின் வித்வான்! வயலின் நம்ம ஊருக்கு வெள்ளைக்காரங்களோட வந்தது, கர்நாடக சங்கீதத்துக்குள்ள அது நுழைஞ்சது பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்துல, அதாவது ராஜராஜன் போய் கிட்டத்தட்ட 800 வருஷம் கழிச்சு. ராஜராஜன் படத்துக்கு வயலின் வித்வான் மியூசிக் போட்டப்ப யாரும் எதிர்ப்பு தெரிவிக்கல, ஏன்னா 73ல நம்ம காதுக்கு கர்நாடக சங்கீதம்னா 'பழசு', பழசுன்னா 'ராஜா காலம்'. அவ்வளவுதான் கணக்கு. கிடாரு நமக்கு நேத்து வந்த மாதிரி தோணுது, வயலின் தாத்தா காலத்துலேந்து இருக்கற மாதிரி தோணுது, சோழனுக்கு ரெண்டுமே தெரியாது.

யாழ் விஷயமும் அப்படித்தான். படத்துல ராஜகுமாரி மடியில யாழ் இருக்கும், விரல் அசையும், சத்தம் வர்றது வீணையோ ஹார்ப்போ, இப்ப பாதி நேரம் கீபோர்டு. யாழ் வழக்கொழிஞ்சு எத்தனையோ நூற்றாண்டு ஆச்சு. ஈழத்துல காரைதீவுல பொறந்த விபுலானந்த அடிகள் சிலப்பதிகாரத்தை வச்சு வருஷக்கணக்கா கணக்குப் போட்டு 1947ல யாழ் நூல்னு வெளியிட்டாரு. எந்த நரம்புக்கு எந்தச் சுரம்னு கண்டுபுடிக்கவே ஒரு மனுஷன் வாழ்க்கையில பாதி போயிருக்கு. சினிமாக்காரன் மூணு மாசத்துல அதை எங்க போய் புடிப்பான்.

அதனால வாத்தியத்தை விட்டுடறேன். அந்தப் பாட்டு அந்தக் கதைல, அந்த ஆளு வாயில, அந்த எடத்துல உக்காருதான்னு மட்டும்தான் நான் பாக்கறது. கீழ வர்ற பதில் எல்லாத்துலயும் இதே பல்லவியைத்தான் பாடப் போறேன், இப்பவே சொல்லிடறேன்.

அண்ணா, பொன்னி நதி பாட்டு வந்தப்போ எனக்கு சுத்தமா பிடிக்கல. இதுல எங்க சோழ நாடு இருக்குன்னு ஸ்டேட்டஸ்லாம் போட்டேன். இப்ப பஸ்ல போறப்ப அதைத்தான் லூப்ல கேக்கறேன். எனக்கு என்ன ஆச்சு?
– கல்லூரி மாணவி, மதுரை

ஒண்ணும் ஆகலம்மா, எனக்கும் அதேதான். 2022 ஜூலை கடைசில அந்தப் பாட்டு தனியா வந்தப்ப நாம என்ன எதிர்பாத்தோம்னா பேரிகை முழங்க, கொம்பு ஊத, ஒரு பிரம்மாண்டம். ஆனா வந்தது ஒரு குதிரைக்காரன் ஊர் சுத்தற பாட்டு. படத்தோட பாத்தப்பதான் எனக்கு பொறி தட்டுச்சு, இது அரசாங்கப் பாட்டே இல்ல, வந்தியத்தேவன் பாட்டு.

கல்கியோட முதல் அத்தியாயத்தை எடுத்துப் பாரு. ஆடிப்பெருக்கு நாளு, வீர நாராயண ஏரிக்கரை, நாம இன்னைக்கு வீராணம்னு சொல்றோமே அதுதான், ஏரியோட 74 கணவாய் வழியாவும் தண்ணி குபுகுபுன்னு பாயுது, பொம்பளைங்க கூட்டாஞ்சோறு கட்டிக்கிட்டு வந்து உக்காந்து வெள்ளப்பாட்டு பாடறாங்க, வடவாறு வருது வெள்ளாறு வருது காவேரி வருதுன்னு ஒவ்வொரு ஆறா கூப்புட்டுப் பாடறாங்க, இவன் குதிரையில உக்காந்து வாயைப் பொளந்து வேடிக்கை பாக்கறான். நாவல் ஆரம்பிக்கறதே தண்ணில, பாட்டுல, ஒரு வெளியூர்க்காரன் சோழ நாட்டைப் பாத்து அசந்து போறதுல. இளங்கோ கிருஷ்ணன் எழுதின பாட்டுலயும் அந்த அசந்து போறதுதான் இருக்கு. நவீன கவிதை எழுதிட்டிருந்தவரு, ஆனா நதியைப் பொண்ணா பாக்கற அந்த ஆடிப்பெருக்கு மனசை விடாம புடிச்சுட்டாரு.

அப்புறம் பம்பா பாக்யா குரல். ரஹ்மானும் ரைஹானாவும் கூடப் பாடியிருக்காங்க, ஆனா அந்த அடிவயித்துலேந்து வர்ற குரல்தான் அந்தப் பாட்டுக்கு மண்ணு. படம் செப்டம்பர் 30 ரிலீஸ், அவரு செப்டம்பர் ஆரம்பத்துலயே போயிட்டாரு. படம் முழுசா ஓடறதை தியேட்டர்ல உக்காந்து பாக்கக் குடுத்து வைக்கல. நான் முதல் நாள் காலைக் காட்சிக்குப் போயிருந்தேன், அந்தக் குரல் வந்தப்ப எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்த பையன் விசிலடிக்க வாயில விரலை வச்சுட்டு அப்படியே எடுத்துட்டான். எதுக்குன்னு நான் கேக்கல.

பூங்குழலி பாட்டை ஏன் சார் மாத்தினாங்க? 'அலைகடலும் ஓய்ந்திருக்க'ன்னு எங்கம்மா எனக்கு தாலாட்டாவே பாடியிருக்காங்க. படத்துல அது இல்லாதது எங்க வீட்ல பெரிய துக்கம்.
– இல்லத்தரசி, நாகப்பட்டினம்

இந்தக் கேள்வி மட்டும் ஏழு பேரு கேட்டிருக்கீங்க, அதுல அஞ்சு பேரு கடற்கரை ஊரு. நானும் உங்க கட்சிதான்.

அலைகடல் அமைதியா இருக்கறப்ப அகக்கடல் ஏன் பொங்குதுன்னு ஒரு பொண்ணு ராத்திரில தனியா படகுல கேக்கறா, கல்கி அதை எழுதி 70 வருஷத்துக்கு மேல ஆச்சு, நாவலைப் படிச்ச ஒவ்வொரு வீட்லயும் அவங்கவங்க ஒரு மெட்டு போட்டு வச்சிருக்காங்க. உங்கம்மா ஒண்ணு, எங்க அத்தை ஒண்ணு. எங்க அத்தை மெட்டு கொஞ்சம் ஒப்பாரிப் பக்கம் சாயும், ஆனா அவங்களுக்கு மெட்டு வேற தெரியாது, எல்லாத்தையும் அதுலயேதான் பாடுவாங்க. கல்கி சும்மா கதைக்கு நடுவுல நாலு வரி போட்டவரும் இல்ல, மீரா படத்துல எம்.எஸ். பாடின 'காற்றினிலே வரும் கீதம்' அவரு எழுதினதுதான், எஸ்.வி. வெங்கட்ராமன் மியூசிக், 1945. பாட்டுக்குன்னு எழுதத் தெரிஞ்சவரு.

படத்துல சிவா ஆனந்த் புதுசா எழுதி அந்தரா நந்தி பாடினாங்க. பாட்டு நல்லாதான் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன், அந்தக் குரல்ல ஒரு ஈரம் இருக்கு. ஆனா கல்கியோட பூங்குழலி தனக்குத்தானே கேட்டுக்கறவ. படத்துப் பாட்டு எதிர்ல இருக்கறவனையும் கொஞ்சம் பாக்குது. அந்தச் சின்ன வித்தியாசத்துலதான் உங்க துக்கம் இருக்குன்னு நினைக்கறேன். நாலு வரி, பல்லவியா கூட வேணாம், அவ துடுப்பு போடறப்ப முணுமுணுக்கற மாதிரி பழைய வரியை வச்சிருந்தா தியேட்டர்ல பாதிப் பேரு கூடவே பாடியிருப்பான். கோட்டை விட்டுட்டாங்க.

கட்டபொம்மன் படத்துல நடிகர் திலகத்துக்கு ஒரு டூயட் கூட கிடையாது. இப்ப எந்த ஹீரோ இதுக்கு ஒத்துக்குவான்?
– சிவாஜி ரசிகர், தூத்துக்குடி

அண்ணாச்சி, ஒத்துக்க மாட்டான், ஒத்துக்கிட்டாலும் மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு. வீரபாண்டிய கட்டபொம்மன் 1959. டூயட் 'இன்பம் பொங்கும் வெண்ணிலா' ஜெமினி–பத்மினிக்கு, அதாவது வெள்ளையத்தேவனுக்கும் வெள்ளையம்மாளுக்கும் போச்சு, பி.பி. ஸ்ரீனிவாஸும் சுசீலாவும் பாடினது. சிவாஜிக்கு கிடைச்சது முருகன் சன்னதில 'வெற்றி வடிவேலனே', அதுக்கு வி.என். சுந்தரம் குரல். அவ்வளவுதான். மிச்சம் எல்லாத்துக்கும் அவரோட வசனமே பாட்டு. நான் கிண்டலுக்குச் சொல்லல, எங்க ஊர்க் கோயில் கொடையில குழாய் ஸ்பீக்கர் கட்டி கட்டபொம்மன் வசன ரெக்கார்டைப் போட்டா பாட்டுக்குத் தலையாட்டற மாதிரி தலையாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, அந்த வரிவட்டி வசனம் எந்த எடத்துல ஏறும் எந்த எடத்துல இறங்கும்னு டீக்கடைப் பையனுக்குக் கூட சுரம் தெரியும்.

ஜி. ராமநாதன் மியூசிக். 1960ல கெய்ரோல நடந்த ஆப்பிரிக்க–ஆசியத் திரைப்பட விழால சிவாஜிக்கு சிறந்த நடிகர்னு குடுத்தது எல்லாருக்கும் தெரியும், ராமநாதனுக்கும் சிறந்த இசையமைப்பாளர்னு குடுத்தாங்க, அது பாதிப் பேருக்குத் தெரியாது. பாட்டு எழுதினது கு.மா. பாலசுப்பிரமணியம். அதுல 'போகாதே போகாதே என் கணவா'ன்னு டி.வி. ரத்னம் பாடின பாட்டு இருக்கே, கெட்ட கனவு கண்ட பொண்டாட்டி சண்டைக்குப் போற புருஷனைத் தடுக்கற பாட்டு, அது எங்க ஊர்ப் பக்கத்து ஒப்பாரிச் சாயல்ல அப்படியே நடக்கும். பாஞ்சாலங்குறிச்சிக் கதையே முதல்ல சினிமாவா வரல பாத்தீங்களா, கதைப்பாடலாத்தான் ஊர் ஊரா போச்சு, பின்னாடி நா. வானமாமலை அதையெல்லாம் தேடிப் பதிப்பிச்சாரு. பாட்டா இருந்த கதை சினிமாவாகி திரும்பப் பாட்டாச்சு. அதனாலதான் அந்தப் பாட்டு அங்க ஒட்டுது.

அதே 1959ல சில நாள் இடைவெளியில கண்ணதாசனே சொந்தமா எடுத்த சிவகங்கைச் சீமையும் வந்துச்சு, மருது சகோதரர்கள் கதை, விஸ்வநாதன்–ராமமூர்த்தி மியூசிக். படம் கட்டபொம்மன் பக்கத்துல நிக்க முடியல. ஆனா பாட்டை மட்டும் வச்சு ஓட்டு போடச் சொன்னா நான் சிவகங்கைக்குத்தான் போடுவேன். தூத்துக்குடி பக்கம் வரும்போது அடிச்சுடாதீங்க.

அண்ணை, 'தாய் தின்ற மண்ணே' கேக்கேக்க எங்கட வீட்டில ஒருத்தரும் கதைக்கமாட்டினம். அந்தப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் எழுதுங்கோ.
– வாசகர், யாழ்ப்பாணம்

ஆயிரத்தில் ஒருவன் 2010 பொங்கலுக்கு வந்துச்சு. 2009 மே மாசம் ஈழத்துல போர் முடிஞ்சு எட்டு மாசம். நாட்டை விட்டு ஓடி ஒரு தீவுல ஒளிஞ்சு, பசில சாகற ஒரு கூட்டம், தஞ்சாவூருக்குத் திரும்பிப் போவோம்னு நம்பிக்கிட்டு இருக்கற ஒரு ராஜா, கடைசில துப்பாக்கியோட வர்றவங்ககிட்ட மாட்டிக்கறாங்க. செல்வராகவன் எதை நினைச்சு எடுத்தாரோ அது அவருக்கு, ஆனா பாத்தவங்க எதை நினைச்சுப் பாத்தாங்கன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

வைரமுத்து அந்தப் பாட்டுல ஒரு வேலை பண்ணியிருக்காரு. நெல்லு எங்க, சபை எங்க, களம் எங்க, சிலை எங்கன்னு அடுக்கிக் கேட்டுக்கிட்டே போவாரு. பழந்தமிழ்ல கையறுநிலைன்னு ஒரு துறை உண்டு, தலைவன் செத்தப்புறம் புலவன் கையத்து நின்னு பாடறது. பாரி செத்தப்புறம் அவன் மகளுங்க அற்றைத் திங்கள்னு பாடினாங்களே, போன மாசம் இதே நிலாவுல எங்கப்பன் இருந்தான், எங்க மலை எங்களது, இந்த மாசம் ரெண்டும் இல்லைன்னு, அந்த வம்சம்தான் இந்தப் பாட்டு. ராஜா பாடற பாட்டுன்னா வீரமா இருக்கணும்னு நமக்குப் பழக்கம், இங்க ராஜா அழறான். விஜய் யேசுதாஸ் குரல்ல அந்த அழுகை சினிமா அழுகையா இல்லாம, தொண்டை வரைக்கும் வந்து நிக்கற மாதிரி இருக்கும். நித்யஸ்ரீ வர்ற எடம் எனக்கு இன்னமும் தனியா உக்காந்து கேக்க முடியாது.

அதே படத்துல 'பெம்மானே'ன்னு இன்னொண்ணு, ஜனங்க பசியில சிவனைக் கூப்புட்டு அழற பாட்டு. பாம்பே ஜெயஸ்ரீ கூட ஒரு வயசான ஆம்பளைக் குரல் வரும் பாருங்க, அது யாருன்னு தெரியுமா? பி.பி. ஸ்ரீனிவாஸ். மேல சொன்னேனே, கட்டபொம்மன்ல வெள்ளையத்தேவனுக்கு நிலாவைப் பாத்து காதல் பாட்டு பாடினவரு. 51 வருஷம் கழிச்சு அதே ஆளு இன்னொரு ராஜா படத்துல பட்டினிக்குப் பாடறாரு. ஜி.வி. பிரகாஷுக்கு அப்ப 22 வயசு. அந்த வயசுல அந்தக் குரலைத் தேடிப் போய்க் கூட்டிட்டு வரணும்னு தோணுச்சு பாருங்க, அதுக்கே நான் ஒரு கும்பிடு போடுவேன்.

ராஜா படப் பாட்டுல எவ்வளவு பழைய தமிழ் இருக்கலாம்? சிலது கோனார் உரை இல்லாம புரிய மாட்டேங்குது, சிலதுல ராஜாவே எதிர்வீட்டுப் பையன் மாதிரி பேசறான்.
– வங்கி ஊழியர், திருப்பூர்

2023ல யாத்திசைன்னு ஒரு சின்ன படம் வந்துச்சு, பாண்டியன் ரணதீரன் கதை. வசனத்தையே சங்கத் தமிழ் மாதிரி எழுதி, கீழ நம்ம தமிழ்ல சப்டைட்டில் போட்டாங்க. தமிழ்ப் படத்துக்கு தமிழ்லயே சப்டைட்டில்! தைரியம்தான், அந்தப் படத்துக்கு அது பொருந்திச்சு. ஆனா பாட்டுக்கு சப்டைட்டில் எல்லாம் போட முடியாதுங்க, காதுல விழுந்த அடுத்த நொடி மனசுல விழணும்.

இதுக்கு எனக்குத் தெரிஞ்சு சரியான உதாரணம் மன்னாதி மன்னன், 1960, எம்.ஜி.ஆர். படம். 'அச்சம் என்பது மடமையடா'. அதுல சேரன் கனக விசயர் தலையில கல்லை ஏத்திக் கொண்டுவந்ததும், பாண்டியன் இமயத்துல மீன்கொடி நட்டதும் ரெண்டே மூச்சுல வந்துடும். சிலப்பதிகாரம் வஞ்சிக் காண்டத்துல பல பக்கம் போற சமாசாரம் அது. அடுத்தாப்ல வயித்துல இருக்கற புள்ளைக்கே தைரியம் ஊட்டற அம்மா வர்றா, அது புறநானூத்துத் தாய். இவ்வளவு சரக்கையும் ஏத்திட்டு கண்ணதாசன் முடிவுல ஒரு 'டா' போட்டாரு பாருங்க, மடமையடா, உடமையடான்னு, அந்த 'டா'தான் அதை ரிக்‌ஷா ஓட்டறவரு வாய் வரைக்கும் கொண்டு போச்சு. வார்த்தை பழசா இருக்கலாம், பேச்சு புதுசா இருக்கணும்.

'அக நக' எனக்குப் பிடிச்சதுக்கும் இதான் காரணம். முதல் பாகத்துல வெறும் ஹம்மிங்கா பின்னாடி வந்துட்டுப் போச்சு, ஜனங்க அதைப் பாட்டா குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க, ரெண்டாம் பாகத்துக்கு முதல் பாட்டா அதுவே வந்துச்சு. சக்திஸ்ரீ கோபாலன் குரல், வரி இளங்கோ கிருஷ்ணன். அகம், நகை, முகம்னு எல்லாம் சங்கத்துலயே இருக்கற வார்த்தை, ஒண்ணுக்குக் கூட அகராதி தேவையில்ல. குந்தவை பாடினாலும் நம்புவேன், என் மக பாத்ரூம்ல பாடினாலும் நம்புவேன், பாடறா, தண்ணியும் வேஸ்ட் பண்றா.

இளையராஜா ராஜா படமே பண்ணலையா?
– பேர் சொல்ல விரும்பாதவர், தேனி

தேனிலேந்து இந்தக் கேள்வியா! பழசிராஜா 2009, மலையாளம், தமிழ்லயும் டப் ஆகி வந்துச்சு. பின்னணி இசைக்குத் தேசிய விருது அதுக்குத்தான் வாங்கினாரு. ராஜா இல்லாத சரித்திரப் படம்னா ஹே ராம் இருக்கு. அதுல வேற ஒருத்தர் போட்ட மெட்டுக்கு ஏற்கனவே பாட்டு ஷூட் பண்ணி முடிச்சிருந்தாங்க, இவரு வந்து அந்த வாயசைவுக்கும் ஆட்டத்துக்கும் பொருந்தற மாதிரி புது மெட்டு போட்டுக் குடுத்தாரு. தைச்ச சட்டைக்கு ஆளைத் தேடற மாதிரி வேலை. பாட்டைக் கேட்டா அது தெரியவே தெரியாது.

சார், பெரிய படம்னாலே தியேட்டர்ல சத்தம் தாங்கல. காது ரெண்டு நாளைக்கு ஙொய்ங்குது. பாட்டு வரி ஒண்ணு கூட புரியல. பிரம்மாண்டம்னா இதுதானா?
– லாரி டிரைவர், நாமக்கல்

ஏர் ஹாரன் அடிக்கற உங்களுக்கே தாங்கலைன்னா பாருங்க! கங்குவா வந்தப்ப இது பெரிய பஞ்சாயத்தே ஆச்சு, ஆஸ்கார் வாங்கின ரசூல் பூக்குட்டியே வருத்தப்பட்டு எழுதினாரு, தயாரிப்பாளரே தியேட்டர்காரங்களை வால்யூமை ரெண்டு பாயின்ட் குறைக்கச் சொன்னாரு. அது கற்பனைக் கதை, ஆனா வியாதி எல்லா ராஜா படத்துக்கும் பொதுவா பரவிடுச்சு. போர் வந்தா டிரம்ஸ், கதவு தொறந்தா டிரம்ஸ், ராஜா திரும்பிப் பாத்தா டிரம்ஸ், அதுக்கு மேல 40 பேரு கோரஸ்ல ஓஓன்னு கத்தறான், என்ன பாஷைன்னே தெரியல. பாகுபலில காலகேயனுக்கு மதன் கார்க்கி கிளிக்கின்னு ஒரு பாஷையே உண்டாக்கினாரு, அதுக்காவது ஒரு இலக்கணம் இருந்துச்சு.

இதுல பாதி தப்பு தியேட்டர் மேலயும் இருக்கு. எங்க ஊர்ப் பக்கம் ஒரு தியேட்டர், பேரு வேணாம், பக்கத்து ஸ்கிரீன்ல ஓடற படத்தோட சண்டை இங்க கேக்கும். நான் பாத்துட்டிருந்தது ராஜா படம், காதல் காட்சி, ராணி மெதுவா பாட ஆரம்பிக்கறாங்க, பக்கத்துலேந்து போலீஸ் ஜீப் சைரன். மேனேஜர்கிட்ட போய்ச் சொன்னேன், அவரு அதைச் சரி பண்ண எங்க சவுண்டைக் கூட்டி விட்டாரு.

பொன்னியின் செல்வன் முதல் பாகத்துக்குப் பின்னணி இசைக்கும் ஒலி வடிவமைப்புக்கும் சேத்தே தேசிய விருது கிடைச்சது, ரஹ்மானுக்கு ஒண்ணு ஆனந்த் கிருஷ்ணமூர்த்திக்கு ஒண்ணு. எங்க சும்மா இருக்கணும்னு தெரிஞ்சவங்க பண்ண வேலை அது. அந்தப் படத்தை அடுத்த தடவை பாக்கறப்ப நந்தினி வர்ற எடத்துல எல்லாம் காதைத் தீட்டிக்கிட்டு உக்காருங்க, எத்தனை தடவை மியூசிக் அடங்கிப் போகுதுன்னு எண்ணுங்க. லாரில இல்ல, வீட்ல.

அங்கிள், மன்னாதி மன்னன்ல எம்.ஜி.ஆர். குதிரை ஓட்டிக்கிட்டே 'அச்சம் என்பது மடமையடா' பாடறாரே, அவருக்கு மூச்சு வாங்காதா?
– ஆறாம் வகுப்பு, விழுப்புரம்

கண்ணு, தாத்தா கூட உக்காந்து பாத்தியா? நல்ல கேள்வி, இவ்வளவு வருஷத்துல எனக்குத் தோணவே இல்ல. பாடினது டி.எம். சௌந்தரராஜன், ஸ்டூடியோல ஃபேனு கூட போடாம மைக் முன்னாடி நின்னுக்கிட்டு பாடியிருப்பாரு, ஃபேன் சத்தம் ரெக்கார்ட் ஆயிடும்ல. எம்.ஜி.ஆர். வாய் மட்டும்தான் அசைச்சாரு. மூச்சு வாங்கினது குதிரைக்குத்தான், அதுக்கு யாரும் டப்பிங் குடுக்கல.